அடிபம்புக்கு வந்த நீர்மாலை

முத்துமீனாவை இப்போது முன்னாள் தலைவர் என்று சொல்ல வேண்டும். ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. எழுமலைக்கு மேற்கே மினிபஸ் திரும்பும் கடைசி ஊரான எங்கள் வெள்ளப்பாறைப்பட்டியில் அவள் பழையபடி கத்தரிக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருக்கிறாள். செல்போன் அடித்தால் மட்டும் இன்னமும் திடுக்கிட்டு எழுந்து நின்றுதான் எடுக்கிறாள். தலைவராக இருந்ததற்கு அவளுக்குக் கிடைத்த ஓய்வூதியம் அந்தத் திடுக்கிடல் ஒன்றுதான்.

நான் இம்மானுவேல். அதே காலத்தில் காலனி வார்டுக்கு மெம்பராக இருந்தவன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவளுக்கு வாயே கிடையாது என்றும் ஒரு பேச்சு இருந்தது. அந்த இரண்டாவது பேச்சால்தான் அவள் தலைவரானாள்.

எங்கள் ஊராட்சி எங்கள் சனத்தின் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட வருசம் மேலத்தெருவுக்குத் தூக்கம் போனது. யாரோ ஒரு காலனிப் பெண்ணிடம் ஊரைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அது தங்கள் சொல் கேட்கிற பெண்ணாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். மேலத்தெருவின் பெரிய கை மொக்கையன். அவர் தோட்டத்தில் சிறுவயது முதல் களை எடுத்தவள் முத்துமீனா. கூப்பிட்டார், கையெழுத்துப் போடச் சொன்னார், நிறுத்தினார். மேலத்தெரு ஓட்டு மொத்தமும் விழுந்தது. எங்கள் ஓட்டு பாதிதான் விழுந்தது. அவரே துணைத்தலைவராகவும் உட்கார்ந்துகொண்டார்.

அவள் புருசன் காளை மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். வாரம் ஒருமுறை ஊருக்கு வருவான். வரும்போதெல்லாம், உனக்கு எதுக்கு இந்த வம்பு என்று ஆரம்பித்து, அதையே சொல்லிவிட்டு பஸ் ஏறுவான். மேலத்தெருவில் அவளை மொக்கையன் வைத்த ஆள் என்றார்கள். காலனியிலும் அதையேதான் சொன்னோம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ராத்திரி சோறு இறங்காது, பகலில் போன் அடித்தால் எழுந்து நின்றுவிடுகிறேன் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விசயத்தில் பிடிவாதம் பிடித்தாள். ஊருக்குப் புதிதாக ஒரு மேல்நிலைத் தொட்டி கட்ட அனுமதி வந்தது. மேலத்தெரு போர்வெல் வருசா வருசம் கோடையில் காற்றைத்தான் கக்கும். காலனிக் கிழக்கு ஓரத்தில் நிலம் மேடு, அடியில் நல்ல ஊற்று. தொட்டி அங்கே வந்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் போகும் என்று சர்வே எடுக்க வந்தவர்களே சொல்லிவிட்டுப் போனார்கள். மொக்கையனோ, தொட்டி மேலத்தெருப் பொதுத்திடலான மந்தையில்தான் என்றார். காலனியைத் தாண்டி வரும் தண்ணீரை மேலத்தெரு குடிக்காது என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை.

மந்தையில் தொட்டி வந்துவிட்டால் வால்வு அவர்கள் கையில். எங்களுக்கு மிச்சம்தான் வரும். இதை முத்துமீனா நன்றாக அறிவாள். மன்றத்தில் தலைவரோடு சேர்த்து ஏழு ஓட்டு. மேலத்தெரு நாலு, நாங்கள் மூன்று. மேலத்தெரு நாலில் ஒன்று மொக்கையன், இன்னொன்று அவர் மருமகள் சரண்யாதேவி. பெண்கள் வார்டு என்பதால் அந்தப் பெண்ணை மெம்பராக்கியிருந்தார்கள். கூட்டத்துக்கு மாமனார் பின்னால் வரும், அவர் கை தூக்கினால் தூக்கும், அவர் எழுந்தால் எழும். ஓட்டுக்கு விட்டால் தோல்வி என்று தெரிந்து முத்துமீனா கூட்டத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள்.

வைகாசியில் ஒரு நாள். மாதாந்திரப் பராமரிப்பு என்று எழுமலை வட்டாரம் முழுக்க சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது என்று அறிவித்திருந்தார்கள். மோட்டார் ஓடாத நாளில் பழைய தொட்டியைக் கழுவிவிட்டால் வேலையோடு வேலை என்று முத்துமீனா கணக்குப் போட்டாள். கெட்ட கணக்கு இல்லை. தொட்டி ஆபரேட்டர் சின்னான் விடியுமுன் தண்ணீரைத் திறந்து விட்டு, உள்ளே இறங்கித் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டு முடித்தான். அவன் ஏணியிலிருந்து இறங்கும்போது மேலத்தெருவில் ஒப்பாரி கேட்டது. மொக்கையனின் தாயார் சோலையம்மாள் காலமாகிவிட்டார்.

தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டார் போட கரண்ட் இல்லை. தோட்டத்துக் கிணறுகளில் தவளைக்கே தண்ணீர் போதாது. இழவு வீட்டுக்கு நாலாபக்கமும் இருந்து சொந்தக்காரர்கள் வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள்.

முத்துமீனா எழுமலை லாரித் தண்ணீர்க்காரனுக்குப் போன் போட்டாள். அங்கேயும் கரண்ட் இல்லை, நிரப்ப முடியாது என்றான். உசிலம்பட்டிக்குப் போட்டாள், எடுக்கவே இல்லை. மாலை ஒன்று வாங்கி வரச் சொல்லியிருந்தாள். அது வந்ததும் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் திருகித் திருகி மாலையிலிருந்து பூ உதிர்ந்தது.

"வேணும்னே செஞ்சேன்னு நெனைப்பாக, அண்ணே. டேங்குக்காகப் பழி வாங்கிட்டேன்னு சொல்லுவாக."

சொல்லுவார்கள்தான். நானே அந்த வீட்டில் பிறந்திருந்தால் சொல்லியிருப்பேன். போகாமல் இருந்துவிடு என்றேன். போகாவிட்டால் அதுவே சாட்சி ஆகிவிடும் என்று நடந்தாள். நானும் கூடப் போனேன்.

பந்தலில் பேச்சு அதற்குள் முற்றியிருந்தது. குடிக்க கேன் தண்ணீர் வாங்கிச் சமாளித்துவிட்டார்கள். நீர்மாலைக்கு என்ன செய்வது என்பதுதான் பேச்சு. பிணத்தைக் குளிப்பாட்ட மகனும் வீட்டு மருமகள்களும் பங்காளிகளும் வரிசையாகப் போய், தலைக்கு மேல் வேட்டி பிடித்து, ஊற்றுத் தண்ணீர் எடுத்து வர வேண்டும். அது இல்லாமல் பாடை நகராது. ஒருவர் கேன் தண்ணீரையே குடத்தில் ஊற்றிக்கொள்ளலாம் என்றார். கேனில் நீர்மாலை எடுத்த வீடு என்று சம்பந்திகள் காலத்துக்கும் சிரிப்பார்கள் என்று இன்னொருவர் அவர் வாயை அடைத்தார். பொழுது மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. கரண்ட் வரும்வரை காத்திருந்தால் இருட்டிவிடும்.

மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றவளை மொக்கையன் கூப்பிட்டார். இன்றைக்குத் தொட்டியைக் கழுவச் சொன்னது யார் என்று கேட்டார். பந்தல் முழுக்கத் திரும்பியது.

"நாந்தான்யா சொன்னேன். கரண்ட் இல்லாத நாளாச்சேன்னு சொன்னேன். அம்மா இன்னைக்குப் போகும்னு தெரியாது." அதோடு நிற்காமல் அடுத்ததையும் சொல்லிவிட்டாள். "எங்க தெரு அடிபம்புக்குக் கரண்ட் வேணாம்யா. தண்ணி வரும்."

மேலத்தெரு ஆட்கள் காலனிக்குள் வந்து தண்ணீர் எடுத்ததாக எங்கள் ஊரில் கதைகூடக் கிடையாது. ஒரு பங்காளி கெட்ட வார்த்தையோடு எழுந்தார். மொக்கையன் தன் தாயின் முகத்தைப் பார்த்தார், மேற்கே பார்த்தார், பிறகு செம்புக் குடத்தை எடுத்துத் தோளில் வைத்தார்.

முத்துமீனா அவர்களுக்கு முன்பாக எங்கள் தெருவுக்கு ஓடினாள். ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, செல்போனில் படம் எடுக்கக் கூடாது என்று வாசல் வாசலாகச் சொன்னாள். கடைசியாக என் பக்கம் திரும்பி, முக்கியமாக உனக்குத்தான் அண்ணே என்றாள். எனக்கு நாக்கு அரித்தது உண்மை. அவள் கண்ணைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

சங்கு ஊதிக்கொண்டு வந்தார்கள். குழாயைத் திருகியே பழகிய கைகளுக்கு அடிபம்பு பிடிபடவில்லை. இரண்டு பேர் மாற்றி மாற்றி அடித்தும் காற்றுத்தான் வந்தது. முத்துமீனா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து கைப்பிடியைப் பிடித்தாள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவள் அடித்த அடியில் தண்ணீர் கொட்டியது.

குடங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. கடைசிக் குடம் சரண்யாதேவியுடையது. அந்தப் பெண் குடத்தை வைக்காமல் முதலில் உள்ளங்கையைக் குவித்து நீட்டியது. வாங்கிக் குடித்தது. இழவு வீட்டு வேலையில் காலையிலிருந்து அதற்கு ஒரு வாய் தண்ணீர் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள் போல. மறுபடியும் ஏந்திக் குடித்தது. முத்துமீனா அது முடிக்கும்வரை நிதானமாக அடித்துக்கொண்டிருந்தாள். மொக்கையன் திரும்பிப் பார்த்தபோது குடம் இடுப்பில் இருந்தது.

கருமாதி முடியும்வரை முத்துமீனா பட்ட பாடு கொஞ்சமில்லை. மேலத்தெருவைக் காலனிக்குள் இறங்க வைத்துவிட்டாள், அவளைப் பதவியிலிருந்து இறக்குவோம் என்று டீக்கடையில் பேச்சு. தொட்டிக்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு தண்ணீர் கொடுத்திருக்கலாம், ஏமாளி என்று எங்கள் தெருவில் பேச்சு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயே என்று காளை போனில் சத்தம் போட்டான். எனக்கு அவள் மேல் இரக்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது; தெருப் பேச்சையே நானும் அவளிடம் சொன்னேன். பிணத்தை வைத்து பேரம் பேசச் சொல்றீங்களா அண்ணே என்று கேட்டாள்.

இதற்கு மேல் தள்ள முடியாது, இந்த மாதம் முடிவெடுக்காவிட்டால் தொட்டி வேறு ஊருக்குப் போய்விடும் என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள். கூட்டம் கூடியது. மொட்டைத் தலையோடு மொக்கையன் வந்தார். பின்னால் சரண்யாதேவி.

"டேங்கு மந்தையிலதான் வரணும். அன்னைக்கி எங்காத்தாவுக்காக நாங்க பட்டது போதும். இன்னொரு தடவ எங்க பொம்பளைக அங்கன வந்து நிக்கக் கூடாது."

அவர் குரலில் அழுகை இருந்தது. நாங்கள் கொடுத்த தண்ணீர் அவருக்கு அவமானமாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முடிந்தது கதை என்று நான் நினைத்தேன்.

ஊராட்சிச் செயலர் மந்தைக்கு ஆதரவானவர்களைக் கை தூக்கச் சொன்னார். மொக்கையன் தூக்கினார். அவர் பக்கத்து மெம்பர்கள் இருவரும் தூக்கினார்கள். சரண்யாதேவி மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தது. தூங்கிவிட்டதோ என்று நினைத்துச் செயலர் மறுபடி கேட்டார். கை வரவில்லை.

காலனிக் கிழக்குக்கு என்றார். நாங்கள் மூவரும் தூக்கினோம். நாலாவதாக ஒரு கை உயர்ந்தது. வளையல் கிலுகிலுவென்று ஆடியது.

எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. முத்துமீனாவைப் பார்த்தேன். இத்தனை நாள் போராடிய தொட்டி கைக்கு வந்திருக்கிறது, அவள் முகத்தில் சந்தோசமே இல்லை. அவள் மொக்கையனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொக்கையன் துண்டை உதறித் தோளில் போட்டார். மருமகளிடம், "எந்திரி. வீட்டுக்குப் போவம்" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கூட்டம் முடியட்டும் மாமா. நீங்க போங்க, வாரேன்."

தலையைத் தூக்காமல்தான் சொன்னது. மொக்கையன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் ஆட்கள் இருவரும் பின்னாலேயே போனார்கள்.

தீர்மானத்தை எழுதிவிட்டுச் செயலர் பையை மூடப் போனார். முத்துமீனா அவரைத் தடுத்து, தெருவிளக்கு விசயம் பேசவில்லையே என்றாள். பேசினோம். ரேசன் கடைக் கூரை ஒழுகுவதைக் கேட்டாள். அதையும் பேசினோம். நூறு நாள் வேலைக்கு எந்தக் கண்மாய் என்று கேட்டாள். சரண்யாதேவிக்கு டீ வாங்கி வரச் சொன்னாள். வீட்டில் கோபம் கொஞ்சமாவது ஆறட்டும் என்று இழுக்கிறாள் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றி நானும் ஒரு கேள்வி கேட்டு வைத்தேன்.

மினிபஸ் போய்விடும் என்று செயலர் முனகினார். எப்போது முடிப்பதாக உத்தேசம் என்று கேட்டார்.

"சரண்யா எப்ப வீட்டுக்குப் போறேன்னு சொல்லுதோ, அப்ப முடிப்போம்" என்றாள் முத்துமீனா.