கன்னியப்பனுக்கு நான் குரு இல்லை

கன்னியப்பனுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தது நான் இல்லை. மூன்று நாளாக அப்படி எழுதிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு... வல்லம் ரோட்டில் ஸ்டிக்கர் கடை வைத்திருந்த கன்னியப்பன் செவ்வாய்க்கிழமை காலை போய்விட்டார். மாரடைப்பு. ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தாராம்.

ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி வேன் டிரைவர்கள் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். தாமரை, மெழுகுவர்த்தி, இரண்டு புறா. அடியில் வட்டத்துக்குள் என் முகம், "குருமாதா" என்ற பட்டத்தோடு. யார் வீட்டுக் கல்யாணத்திலோ நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த படம்.

அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு புறா வரைந்ததில்லை.

அவர் வரைந்தது பூதங்கள். பானெட்டைக் கழற்றி எறிந்த பழைய கார், வெளியே துருத்தும் எஞ்சின், புகை கக்கும் பின்சக்கரங்கள். உள்ளே அடங்காமல் கூரைக்கு மேல் நிற்கும் ஒரு பூதம்... பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு, கையில் கியர் கம்பி. ஹாட் ராட் கார்ட்டூன் என்பார்கள். டேப்லெட்டில் வரைந்து, ஸ்டிக்கராக வெட்டி, வேனின் பின்கண்ணாடியில் ஒட்டுவார். பூதத்தின் முகம் அந்தந்த டிரைவருடையது.

திருநெல்வேலி டிரைவர் ஒருவர் சண்டைக்கே வந்தார். "என்ன அண்ணாச்சி, என் பல்லு இப்படியா இருக்கு? எங்க அம்மை போட்டோவைப் பாத்துட்டுச் சோறே திங்கல்ல!"

"கம்மி பண்ணித்தான்பா போட்டுகீறேன்" என்றார் கன்னியப்பன்.

நான் அந்தக் கடைக்குப் போனது "வாசலில் வண்டி நிறுத்தாதீர்" என்று ஒரு போர்டு எழுத. என் கணவர் இருந்தவரை ஒருவரும் நிறுத்தியதில்லை. அவர் போன பிறகு, என் கேட்தான் எல்லா வேனுக்கும் ஸ்டாண்ட்.

திரையில் ஒரு எஞ்சின் இருந்தது. இந்தப் பக்கம் ஐந்து புகைக்குழாய், அந்தப் பக்கம் மூன்று.

"எட்டு சிலிண்டர்னா பக்கத்துக்கு நாலு. இது என்ன அஞ்சு?"

"பூதத்துக்கு இன்னா டீச்சர் கணக்கு?"

"பூதத்துக்கு வேணாம். எஞ்சினுக்கு வேணும்."

"அப்போ நீங்களே போடுங்க" என்று பேனாவை நீட்டிவிட்டார்.

நான் டீச்சரும் இல்லை. கண்ணாடி போட்டு, கான்வென்ட் இங்கிலீஷ் பேசினால் இங்கே டீச்சர். நான் இருபத்தொன்பது வருடம் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் டிரேசர். இன்ஜினியர் பென்சிலில் போட்டதன் மேல் மெல்லிய தாளை வைத்து மையில் எடுப்போம். கோடு நடுங்கினால் தாள் திரும்பி வரும். என் தாள் திரும்பி வந்ததில்லை.

அன்று நான் போட்ட முதல் கோடே நடுங்காமல் வந்தது. எழுபத்து நான்கு வயதில்.

"டீச்சர், உங்க கை ஸ்கேல் மாறி கீது!"

மூன்று வருடம். வாரத்தில் இரண்டு நாள். முகம், பல், நாக்கு அவருடையது. எஞ்சின், குழாய், சக்கரம் என்னுடையது. தாள் மேல் தாள் வைப்பதுபோல் அடுக்கும் லேயர், பிரஷ், எல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அண்டூ மட்டும் நான் தொடவில்லை. பிழையைப் பிளேடால் சுரண்டிப் பழகியவள், பட்டனை அழுத்தி அழிக்க எனக்குக் கூச்சம்.

போன வருடம் பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று முறை போடச் சொன்னார்கள். கடைக்கு வந்து கத்தினேன்.

"பேனா சரி இருக்காது டீச்சர்" என்றார். திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கன்னியப்பன் தன்னையே பூதமாக வரைந்துகொண்டிருந்தார். முகம் முடிந்துவிட்டது. கியர் கம்பிக்குப் பதில் டேப்லெட் பேனா. எஞ்சின் இருக்கவேண்டிய இடம் காலி. அந்த லேயருக்கு "டீச்சர்" என்று பெயர் வைத்திருக்கிறார். பதினாறாம் நாள் எல்லா வேனிலும் அதை ஒட்டவேண்டும், உங்கள் கையால் முடித்துக் கொடுங்கள் என்றார்கள் டிரைவர்கள். கடையில் அவரோடு வேலை செய்த பாபு ஃபைலை அனுப்பினார். என் மகன் வாங்கித் தந்த டேப்லெட்டில் திறந்தேன்.

முதல் கோடு ரம்பம் மாதிரி வந்தது. இரண்டாவதும்.

பேனா பழுது என்று, அதை வாங்கிய மொபைல் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாகத் திருப்பிப் பார்த்தாள். "பேனா நல்லாத்தான்மா கீது. ஸ்டெபிலைசர் ஆஃப்ல கீது. அத்த வெச்சா கை ஆடறது கோட்டுல தெரியாது. முன்னாடி யூஸ் பண்ணதுல யாரோ ஏத்தி வெச்சிருப்பாங்க."

"என் கை ஆடாது" என்றேன்.

அவள் பேனாவைத் துடைத்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஆக, நீங்கள் எல்லாரும் மூன்று வருடமாகப் பாராட்டிய அந்தக் கோடுகள்... சரி. அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் கன்னியப்பன். நான் பேங்க்காரர்களைத் திட்டியபோதாவது. மூன்று வருடத்தில் அந்த ஸ்டெபிலைசரை எத்தனை முறை ஏற்றினீர்களோ!

போய் வாருங்கள். கோபம் இன்னும் தீரவில்லை.

பாபு, இது உங்களுக்கு. ஸ்டெபிலைசரை ஐம்பதில் வைத்தால் கோடு நடுங்குகிறது. நூறில் வைத்தால் பேனாவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது, குழாயின் வளைவு மழுங்கிவிடுகிறது. அந்த எண் ஃபைலோடு வராதாம். கடை டேப்லெட்டில் என் பிரஷ்ஷைத் திறந்து, அவர் எந்த எண்ணில் வைத்திருந்தார் என்று பாருங்கள். போன் செய்யவேண்டாம், எனக்குச் சரியாகக் கேட்காது. கீழே கமென்ட்டில் எழுதுங்கள். எண் மட்டும் போதும்.