சுபேதார் அண்ணாச்சி மீன் பார்த்த விதம்

எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். சுபேதார் குருசாமி அண்ணாச்சி ஐப்பசியைத் தாண்டமாட்டார் என்று ஆடியிலேயே சொன்னவன் நான். போன வாரம் இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மதினி போனில், "உங்க அண்ணாச்சி போயிட்டாக தம்பி" என்றார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரியிடம், "சொன்னேன்ல?" என்றேன். "அம்புட்டுத் தெரிஞ்சவரு ஆடியிலேயே ஒரு எட்டுப் போய்ப் பாத்திருக்கலாம்ல?" என்றாள்.

பட்டாளத்திலிருந்து வந்து, புறவாசலில் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் வளர்த்தவர். நம்ம ஊரில் நம்மில் யார் மீன் வாங்கினாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்கு அவரைத்தான் கூட்டிப்போவோம். மீன் விஷயத்தில் ஜில்லாவிலேயே அவருக்கு அடுத்தபடி நான்தான். அவரே சொல்லியிருக்கிறார்.

கடையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் பேசாமல் நிற்பார். மீன்களும் அவருக்கு நேரே வரிசைகட்டி நிற்கும், எண்ணியே பார்த்திருக்கிறேன். அப்படி என்னதான் பார்க்கிறார் என்று தாங்காமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஆளெடுப்புக்கு வந்தவனைப் பாக்குற மாதிரிதாம்லே. மூச்சு சீரா வாங்குதானா, விரிச்சு நிக்கானா, ஒடுங்கி நிக்கானா."

துடுப்பை ஒடுக்கி மூலையில் கிடப்பது ஆகாது. தரையில் உடம்பைத் தேய்ப்பது ஆகாது. ஒரு மீன் செத்து மிதந்தால், மற்றதெல்லாம் துள்ளினாலும் அந்தத் தொட்டியில் வாங்கமாட்டார். "பொண்ணு பாக்க வந்தவுககூட இம்புட்டு நேரம் பாக்கமாட்டாக ஐயா" என்பார் கடைக்காரர். "பொண்ணு வாயத் தொறந்து சொல்லிரும். மீனு சொல்லுமா?" என்பார் இவர்.

போன வருஷம் அவர் தொட்டியில் விரிசல் விட்டது. பூச்சு வேலை முடியும்வரை, எட்டு வருஷம் வளர்த்த ஐந்து வண்ணக் கெண்டைகளை என் தொட்டியில் விட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து எனக்குப் புது மீன் ஆசை. அவரே வந்து ஆறு மீன் தேர்ந்து கொடுத்தார். "பதினாலு நாள் தனி டப்புல வச்சுப் பாரு. புதுசா வந்தவனை நேரா படைக்குள்ள விடக்கூடாது" என்றார்.

மூன்றாவது வாரம் அவர் வந்தபோது, என் தொட்டியில் அவருடைய ஐந்தும் செத்துக் கிடந்தன. உடம்பெல்லாம் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி.

"பதினாலு நாளும் வச்சியாலே?"

"நாள் தவறாம வச்சேன் அண்ணாச்சி."

"அப்ப எங் கண்ணுதான் போச்சு."

அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் அவர் கடைக்கு வரவில்லை. பூசி முடித்த தொட்டியில் தண்ணீர்கூட விடவில்லை. வயதாகிவிட்டது என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் ஊர் முழுக்கச் சொன்னேன்.

இன்றைக்கும் எந்த மீனைக் கண்டாலும் துடுப்பு விரிகிறதா என்று நின்று பார்க்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அது ஒன்றுதான். அவர் கண் கடைசிவரை சரியாகவே இருந்தது. நோய் உள்ளுக்குள் இருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது; அதற்காகத்தான் அவர் நாள் குறித்தார். நான் ஒரு நாள்கூட வைக்கவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு பையைத் தொட்டியில் கவிழ்த்தேன். பதினாலு நாள் என்று அவரிடம் சொன்னது பொய்.