வெள்ளரிக்கு அடித்த புல்தைலம்

மலையாளப் புத்தாண்டான விஷு விடியலில் கண்ணைத் திறந்ததும் முதலில் பார்ப்பது கணி, மங்கலப் பொருள்களை அடுக்கிவைத்த காட்சி. அந்தக் கணி உருளியில் பொன்னிற வெள்ளரி இல்லாத வீடு திருவனந்தபுரத்தில் அபூர்வம். பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் நான்தான் வாயைவிட்டேன். "இந்த வருஷம் கடையில வாங்காதீங்க. உங்க கணிக்கும் என் மொட்டைமாடியிலயே காய்க்கும்."

சொல்லி வாய் மூடவில்லை, இலைகளில் வெள்ளை படர்ந்துவிட்டது. சாம்பல் நோய், பூஞ்சையால் வருவது. தன் மாடிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சேச்சி சிரித்தார். "எந்தா சாரே, வெள்ளரி பவுடரிட்டு கல்யாணத்துக்குப் போகுதோ?"

பொன்முடி போகும் வழியில் வாங்கிய புல்தைலம், எலுமிச்சைப்புல் எண்ணெய், வீட்டில் இருந்தது. தரை துடைக்கும் தண்ணீரில் விடுவோம். பூஞ்சையையும் அது அடக்கும் என்று படித்திருந்தேன். தெளிப்பான் நிறையத் தண்ணீர், அதன் தலையில் தைலம். அவசரக்காரன், வரிசையாக அடித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் முன்வரிசையில் வெள்ளை அப்படியே இருந்தது. கடைசிச் செடி மட்டும் பொசுங்கிக் கிடந்தது.

மனைவி தெளிப்பானை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். "ஏங்க, தைலம் மேலல்லா மிதக்கும்! குழாய் அடியிலருந்து உறிஞ்சுது. மூத்ததுகளுக்கெல்லாம் பச்சத்தண்ணி, கடைக்குட்டிக்கு மட்டும் முழு மருந்து. நல்ல நியாயம்!"

பார் சோப்பைச் சீவிக் கரைத்தேன். அதில் தைலத்தைச் சொட்டுச் சொட்டாய் விட்டுக் கலக்கினேன். பால்போல் வெளுத்துக் கூடிக்கொண்டது. ஒற்றை இலையில் அடித்துக் காத்திருந்தேன், கருகவில்லை. வெயில் இறங்கியபின் எல்லா இலைக்கும், முதுகும் வயிறும் நனைய. சில நாள் விட்டு மறுபடியும். மாடியில் அந்திக்கே எலுமிச்சை மணம் ஏறியது.

பழைய இலைகளைக் கிள்ளி எறிந்தேன். கொடிநுனியில் புதியது ஒன்று விரிந்தது. புரட்டினேன்: வெள்ளை இல்லை. அடுத்தது, இல்லை. அதற்கடுத்தது பச்சை, பச்சை, கூச்சமே இல்லாத பச்சை! நான் போட்ட சத்தத்தில் பால் பொங்குவதையும் விட்டுவிட்டு ஓடிவந்தாள் மனைவி.

பூத்தது. காய்த்தது. பழுத்துப் பொன்னானது. விஷுவுக்கு முந்தைய மாலை ஒன்றை இரு கையிலும் ஏந்திக்கொண்டு போனேன். சேச்சி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கடையில் வாங்கியதல்லல்லோ?"

"காம்பைத் தொட்டுப் பாருங்க. ஈரம்கூடக் காயலை."

தொட்டார். "சம்மதிச்சு, சாரே! ஒத்துக்கிட்டேன். நாளைக்கு ரெண்டுபேரும் எங்க கணி காண வரணும்."

விடியலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் வீட்டுக்குள் போனோம். திறந்தோம். கொன்றைப்பூவுக்கு நடுவே, கண்ணாடிக்கு முன்னால், இரண்டாய் ஜொலித்தது எங்கள் வெள்ளரி.