ஷீபாவுக்கு வந்த தலைசுற்றலும் எனக்கு வந்ததும்

போன மழைக்காலத்தில் நான் ஒரு கெட்ட ஜெபம் பண்ணினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்தால் இந்தச் சாட்சி பொய்யாகிவிடும்.

என் பெயர் பொன்ராணி. தாராவியில் ஸ்கூல் பை தைக்கிற ஒரு கார்கானாவில் மிஷின் வேலை. இருபத்திரண்டு வருஷமாக நம்ம சபைக்கு வருகிறேன். என் கொழுந்தன் மனைவி ஷீபாவை உங்கள் எல்லாருக்கும் தெரியும். கீழ் அறையில் நாங்கள் இருக்கிறோம். இரும்பு ஏணி ஏறினால் மேல் அறையில் அவர்கள்.

தலைசுற்றல் முதலில் வந்தது அவளுக்குத்தான். படுக்கையில் புரண்டால் அறையே சுற்றும். அரை நிமிஷத்தில் நின்றுவிடும். மூன்று நாள் உபவாசம் இருந்துவிட்டு மாட்டுங்காவில் ஒரு காது டாக்டரிடம் போனாள். அவர் அவளைப் படுக்கவைத்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். அவ்வளவுதான். மாத்திரைகூட இல்லை. அடுத்த ஞாயிறு எழுந்து நின்று சாட்சி சொன்னாள். எல்லாரும் அழுதீர்கள். பாஸ்டரம்மா அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

நானும் கைதட்டினேன். ஆனால் வயிறு எரிந்தது. கல்யாணமாகி வந்து ஆறு வருஷம் ஆகாதவளுக்கு மூன்று நாளில் பதில். எனக்கு எத்தனை காரியத்துக்குப் பதில் வரவில்லை என்று அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன்.

இரண்டு மாதம் கழித்து எனக்கும் தலை சுற்றத் தொடங்கியது. படுத்தால்தான் வரும் என்று இல்லை. நின்றாலும் வரும், உட்கார்ந்தாலும் வரும். சில நிமிஷம், ஓடுகிற லோக்கல் டிரெயினில் பிடி இல்லாமல் நிற்கிற மாதிரி தரை ஆடும். பிறகு போய்விடும். ஷீபாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க மனசு வரவில்லை. போனில் வீடியோ பார்த்து என் தலையைத் திருப்பச் சொல்லி மகளிடம் கேட்டேன். வாந்திதான் வந்தது. ஷீபா மூன்று நாள் இருந்தாள் என்றால் நான் ஏழு நாள் என்று உபவாசம் தொடங்கினேன். பிரஷர் மாத்திரையையும் நிறுத்தினேன். அவள் மருந்து இல்லாமல் சுகமானாள், நானும் அப்படித்தான் ஆகணும் என்று ஒரு வீம்பு.

நாலாம் நாள் மேலே அவள் பாட்டுப் பாடிக்கொண்டே துணி மடிக்கிற சத்தம் கேட்டது. முழங்காலில் நின்று சொன்னேன்: "ஆண்டவரே, அவளுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடும். இல்லையென்றால் அவளுக்குத் திரும்பவும் சுற்றட்டும்."

ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில், மிஷினில் உட்கார்ந்தேன். ஊசி இரண்டாகத் தெரிந்தது. கத்தரிக்கோலை எடுக்கக் கை நீட்டினேன், கை தள்ளிப் போய் விழுந்தது. இந்தத் தடவை சுற்றல் நிற்கவே இல்லை. முதலாளி சேட்டிடம் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வீடு வந்தேன். ஏணிக்குக் கீழே ஷீபா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா இடது பக்கமா சாயுதிய?" என்றாள்.

"உனக்கு வந்ததுதான். உனக்கு மட்டும்தான் வரணுமா?" என்றேன். நாக்கு குழறியது. எனக்கே கேட்டது.

அவள் குடத்தை அப்படியே விட்டுவிட்டாள். "இது எனக்கு வந்தது இல்லக்கா. எனக்குப் பேச்சு குழறல. டாக்டர் சொன்னாரு, சுத்தும்போது கண்ணுக்கு எல்லாம் ரெண்டாத் தெரிஞ்சாலோ, நடை தள்ளினாலோ, பேச்சு குழறினாலோ எங்கிட்ட வராதீய, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்கன்னு."

"நான் வரல. இன்னைக்கு உபவாசம்."

"ஆண்டவர் கோவிச்சுக்கிட மாட்டாரு. நடங்க."

என்னை இடுப்போடு பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் அவள் ஜெபம் பண்ணினாள். எனக்கு அப்போதும் எரிச்சல்தான். என் வியாதியிலும் இவளே முன்னால் நிற்கிறாளே என்று.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. அவர்கள் தங்கள் விரலை ஆட்டி, அதைக் கண்ணால் பின்தொடரச் சொன்னார்கள், மூக்கைத் தொடச் சொன்னார்கள், நிற்கச் சொன்னார்கள். நான் விழப் போனேன். உடனே ஸ்கேன். அவர்கள் இந்தியில் சொன்னதை ஷீபா எனக்குச் சொன்னாள்: "காதுல கோளாறு இல்லையாம்க்கா. தலைக்குப் பின்பக்கம் சிறுமூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்காம். காதுனால வர்ற சுத்தல் வேற, மூளையில இருந்து வர்ற சுத்தல் வேறயாம். பிரஷர் மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னான்னு கேக்காங்க."

ஒன்பது நாள் படுத்திருந்தேன். மூளை வீங்கிவிடக்கூடாது என்று முதல் மூன்று நாள் அடிக்கடி வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் ஷீபா கஞ்சி கொண்டுவந்தாள். எனக்குத் தாங்கவில்லை. அந்த ஜெபத்தைச் சொல்லிவிட்டேன்.

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "எனக்குத் திரும்ப வந்துச்சுக்கா. நீங்க விழுந்ததுக்கு முந்தின நாள்தான் மாட்டுங்கா போயிட்டு வந்தேன். அப்பத்தான் டாக்டர் அதெல்லாம் சொன்னாரு. சபையில சாட்சி சொல்லிட்டு, திரும்ப வந்துட்டுன்னு எப்படிச் சொல்லுவேன்? அதான் யாருக்கும் சொல்லல."

நான் விரோதமாகக் கேட்டதை ஆண்டவர் என்ன செய்தார் பாருங்கள். அவளுக்கு வந்தது தலையைத் திருப்பினதும் போய்விட்டது. அந்த டாக்டர் சொன்ன பேச்சு மட்டும் எனக்காக அவளிடம் தங்கியது. அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள்.

மூன்று மாதம் பயிற்சி செய்தேன். கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டணும், தரையில் போட்ட கோட்டில் நடக்கணும். விழாமல் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவள் ஷீபாதான். இப்போது மிஷினில் உட்காருகிறேன். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை. இரண்டையும் ஸ்தோத்திரத்தோடு விழுங்குகிறேன்.

பொறாமை முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இந்தச் சாட்சியை எழுதும்போதே, அவளுடையதைவிட என்னுடையது பெரிது என்று ஒரு நினைப்பு வந்தது. அதையும் ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பிரியமானவர்களே, நீங்கள் கேட்டது பக்கத்து வீட்டுக்காரிக்குக் கிடைத்திருந்தால் அவள் கதவைத் தட்டுங்கள். உங்களுக்கான உதவி அவளிடம் இருக்கலாம். தலை சுற்றி, பேச்சு குழறினால் வீட்டில் படுத்திருக்காதீர்கள், கிளம்புங்கள். ஜெபத்தை ஆட்டோவில் பண்ணலாம். அவர் அங்கேயும் கேட்கிறார்.