ராத்தாவின் கைக்கு வாங்கிய லென்ஸ்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் கல்முனைக் கடைத்தெருவில் எனக்கொரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட் படம்தான் முக்கிய வேலை. முகங்களை இன்னும் நன்றாக எடுக்கக் கொழும்பில் ஒரு லென்ஸ் வாங்கத் தீர்மானித்திருந்தேன்.

அந்தக் கிழமைதான், மருதமுனையில் ஒரு தறிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்ட என் உடன்பிறந்த ராத்தா வந்தாள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு முக்காட்டுக்குள்ளிருந்து இடது கையை நீட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுருட்டால் சுட்ட காயங்கள். சில ஆறிக் கறுத்திருந்தன. இரண்டில் இன்னும் நீர் கசிந்தது.

"மச்சானா?"

"ஓம். தறியில நூல் அறுந்தா ஒரு சூடு. விவாகரத்துக் கேட்டுக் காதி நீதவானிட்டப் போனேன். அது சிரங்கெண்டு உன்ட மச்சான் சாதிச்சிட்டார். படம் எடு தம்பி. முகம் வேணாம்."

எடுத்தேன். என் கமராவில் நாலடிக்குள் போனால் எல்லாம் கலங்கிவிடும். கழுவிப் பார்த்தபோது கை இருந்தது. காயங்கள் கடுகளவு புள்ளிகள். சிரங்கென்றே சொல்லலாம்.

கொழும்புக் கடைக்காரர் இரண்டு லென்ஸ் எடுத்து வைத்தார். நீளமானதை என் கமராவில் பூட்டி அவரையே பார்த்தேன். பின்னாலிருந்த அலுமாரி கரைந்துபோய் முகம் மட்டும் தெளிந்து நின்றது. அதற்காகத்தான் வந்திருந்தேன். மற்றதை என் விரலுக்குக் கிட்டப் பிடித்தேன். ரேகைகள் வயல் வரம்புபோலத் தெரிந்தன.

"ஸ்டூடியோவுக்கு முதலாவதுதான் நல்லம். மற்றது பூச்சி, பூ எடுக்கிறவங்களுக்கு" என்றார்.

இரண்டாவதைக் கட்டித் தரச் சொன்னேன்.

புதிய படத்தில் ஒவ்வொரு காயத்திலும் சுருட்டு நுனியின் வட்டம் இருந்தது. காதியார் வெகுநேரம் பார்த்தார். விவாகரத்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மச்சான் ஒரு தறிக்கட்டையோடு ஸ்டூடியோவுக்குள் வந்தான்.

"என்ட பொஞ்சாதிட கையப் படம் புடிச்சுக் காட்டினியா?"

முதல் அடி என் தாடையில் விழுந்தது. இரண்டு பல் போனது. அடுத்தது கமராவில், லென்ஸ் சிதறித் தரையெல்லாம் கண்ணாடி. நான் கமரா முக்காலியைத் தூக்கி அவன் மணிக்கட்டில் அடித்தேன். கட்டை விழுந்தது. முழங்காலில் அடித்தேன். அவனும் விழுந்தான். விழுந்து கிடந்தவனின் விரல்களின்மேல் மறுபடியும் அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

அன்றிரவு வீட்டில் ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"விழுந்த பிறகுமா?" என்று கேட்டாள்.

"ஓம்."

கஞ்சியை ஆற்றி என் முன்னால் வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.