ஐந்து ஒன்பது என்னும் மரியாதை

ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.10. லேசான வாடைக்காற்று. வானத்தில் ஒரே ஒரு மேகம், அதுவும் கடல் பக்கம். பிச்சாவரம் படகுத்துறைக்கு அருகில் பார்வைக் கோபுரத்தின் உச்சியில், கையில் வயர்லெஸ்ஸோடு உட்கார்ந்திருந்தேன். படிகள் ஐம்பத்தெட்டு. சிறுநீர் கழிக்க ஒருமுறை இறங்கி ஏறியதால் கணக்கைச் சரிபார்த்தாயிற்று.

எங்கள் அமெச்சூர் ரேடியோ குழுவில் ஒன்பது பேர். மலையில் யாராவது வழி தவறினால், செல்போன் எடுக்காத இடத்தில் தேடுபவர்களுக்குத் தகவல் தொடர்பு கொடுப்பது நாங்களாக ஏற்றுக்கொண்ட தொண்டு. இடைஞ்சல் ஒன்றுதான்: எங்கள் ஊரான சிதம்பரத்தைச் சுற்றி மலை கிடையாது. உயரம் என்றால் கோயில் கோபுரம், அதை விட்டால் கீரப்பாளையம் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி. அதனால் இந்த வருடத்து ஒத்திகையைச் சதுப்புக் காட்டில் வைத்தோம்.

காணாமல் போகிறவராக நடிக்க என் மனைவியின் தம்பி முன்வந்தார். எங்கள் குழுவிலேயே ஒருவர், ஓய்வுபெற்ற பொறியாளர், வயது அறுபத்தேழு, சர்க்கரை உண்டு. எட்டு மணிக்கு ஒரு வயர்லெஸ்ஸோடு தனியாகத் துடுப்புப் போட்டு உள்ளே போய் ஒளிந்துகொள்வார். இரண்டு படகில் எங்கள் ஆட்கள் இருவர் தேடுவார்கள். திட்டம் அவ்வளவுதான்.

9.10க்கு மச்சான் குரல் வந்தது.

"மாமா, ஒத்திகை முடிஞ்சிது. இப்ப நெஜமாவே தொலஞ்சிட்டேன்."

"விளையாடாத மச்சான்."

"வேர் மேல ஏறி நின்னேன். தண்ணி ஏற ஏற படகு மெதந்து போயிடிச்சி. சாப்பாட்டுப் பையும் அதுலதான். காலையில மாத்தரை போட்டுட்டேன், இட்லி சாப்புடல."

"எத்தனை இட்லி?"

"நாலு. இப்ப அதுவா முக்கியம்? கை நடுங்குது மாமா. வேர்த்துக் கொட்டுது."

கடல் ஓதம் பதினொன்றரை மணி வரை ஏறும். தண்ணீர் அவர் முழங்காலில் இருந்தது. ஆனால் எனக்குப் பயம் தண்ணீரைப் பற்றியல்ல. சர்க்கரை இறங்கி அவர் மயங்கினால், முழங்கால் தண்ணீரே போதும்.

மலைக்கென்று நாங்கள் படித்த வித்தை எளிது. தொலைந்தவர் பேச வேண்டும். தேடுபவர்கள் அவர் குரல் எப்படிக் கேட்கிறது என்று எண்ணில் சொல்ல வேண்டும். தெளிவுக்கு ஐந்து வரை, பலத்துக்கு ஒன்பது வரை. எண் ஏறும் பக்கம் போனால் ஆள் கிடைப்பார். மச்சானை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னேன்.

"முதல் படகு, எப்படிக் கேக்குது?"

"ஐந்து ஒன்பது சார்." கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர்.

"இரண்டாவது?"

"ஐந்து ஒன்பதுங்க." சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருப்பவர்.

எங்கள் கூட்டத்துக்கே உள்ள வியாதி இது. ரேடியோவில் யார் கூப்பிட்டாலும் ஐந்து ஒன்பது என்று சொல்வதுதான் மரியாதை. கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் பிரமாதம் என்பது போல. என் பதிவேட்டில் 6,212 உரையாடல்கள். அவற்றில் 6,190 ஐந்து ஒன்பது. மீதி இருபத்திரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை.

வடக்கே திரும்பச் சொன்னேன். ஐந்து ஒன்பது. தெற்கே? ஐந்து ஒன்பது. மச்சான் எட்டு வரை எண்ணிவிட்டு மறுபடி ஆறுக்குப் போனார்.

அப்போது இரண்டாவது படகிலிருந்து ஒரு பெண் குரல். படகு ஓட்டும் அம்மாள், மீனவக் குடும்பம். கடைக்காரர் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

"ஐயா, இவரு சொல்றதக் கேக்காதீங்க. இங்க ஒரு மண்ணும் கேக்கல. கரகரங்குது."

"உரிமம் இல்லாதவங்க இதுல பேசக் கூடாதும்மா."

"அப்பச் செரி. அவரு முழுவட்டும். ஒங்க உரிமத்தக் கட்டிக்கினு உக்காருங்க."

நான் மூன்று விநாடி யோசித்தேன். அந்த மூன்று விநாடிக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"பேசும்மா. பத்துக்கு எவ்வளவு தேறும், அத மட்டும் சொல்லு."

"ரெண்டு."

அடுத்த வாய்க்காலில் நான்கு. அதற்கடுத்ததில் ஒன்று, "தப்புப் பக்கம், திரும்புறேன்" என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு ஐந்து, ஏழு. மச்சான் எண்ணுவது நின்றுபோனது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், நான்கு முறை.

"கடைசியா எங்கம்மா ஏழு சொன்ன?"

"வளைவுல. இருங்க, வெள்ளச் சட்ட தெரியுது."

மணி 9.51. வேரைக் கட்டிப்பிடித்தபடி சாய்ந்திருந்தாராம். அந்த அம்மாள் டீ போட வைத்திருந்த சர்க்கரையை அவர் வாயில் கொட்டினார். கால் மணி நேரத்தில் மச்சான் குரல் வந்தது.

"மாமா, கேக்குதா?"

"மூணு நாலு," என்றேன். இனி உண்மைதான் என்று முடிவெடுத்திருந்தேன். "பேட்டரி போவுது ஒனக்கு."

"அப்டியா. நானும் ஒண்ணு சொல்றேன். ஒங்க வீட்டு செட்டு பதினெட்டு வருஷமா ரெண்டு மூணுதான். பரங்கிப்பேட்டை தாண்டுனா யாருக்கும் கேக்காது. அக்கா மூஞ்சிக்காவ சொல்லாம இருந்தேன்."

இரண்டு படகிலும் சிரிப்பு. இயற்பியல்காரர் மட்டும், "இல்ல சார், ஐந்து ஒன்பதுதான்," என்றார்.

மறுநாளே ஆள் வைத்துக் என் வீட்டு ஆன்டெனா கம்பத்தில் ஏறிப் பார்த்தோம். கேபிளுக்குள் பதினெட்டு மழைக்காலத்துத் தண்ணீர். புதுக் கேபிள், இரண்டு கனெக்டர், ஏறியவர் கூலி, அந்த அம்மாளுக்கு ஐந்து கிலோ சர்க்கரை: ஆக 4,565 ரூபாய்.