ரெண்டு வண்டு

போன வாரம் நாகலாபுரம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு சாணிக்குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு வேலை இல்லாதவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பார்த்த சாணி மாலையிலும் அப்படியே கிடந்தது. மேலே ஏடு கட்டியிருந்தது. ஒரு துளைகூட இல்லை. அந்த வாசனையில் சேகர் நினைவில் வந்து நின்றான்.

சத்தியவேடு பக்கத்துக்காரன். கூலிக்காரக் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன். நான் புத்தூரில் நிருபராகச் சேர்ந்த புதிதில், அவன் நாகலாபுரம் மலையில் சாணி உருட்டும் வண்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்தான். இரவு என் அறைக்கு வந்தால் சட்டை மணக்கும். பாயை அவனுக்குக் கொடுத்துவிட்டு நான் ஜன்னலோரம் ஒதுங்கிவிடுவேன். செம்பு நிறத்தில், தலையில் ஒற்றைக் கொம்போடு ஒரு வண்டு. இந்த மலையைத் தவிர வேறெங்கும் அது இல்லை என்பது அவன் கட்சி. நிரூபிக்க ஆணும் பெண்ணும் வேண்டும். கிடைத்தால் பட்டம், இல்லையென்றால் நைனாவோடு கூலிக்கு.

ஒருநாள் மலையடிவார டீக்கடையிலிருந்து போன் செய்தான். "டேய், ரெண்டு வண்டு கெடச்சிக்கிது! எடுத்துக்கினு வரேன். யார்கிட்டயும் சொல்லாத."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வனக்காவலர் தெலுங்குக்காரர். அவர் காதில் விழுந்தது, ரெண்டு வண்டி. செம்மரம் கடத்தும் ஆந்திர மலை. பேசுகிறவன் தமிழன். யாரிடமும் சொல்லாதே என்கிறான். தெலுங்கில் வண்டிகளுக்குப் பண்ட்லு என்று பெயர். அதை அவரே தமிழாக்கி, எங்கே என்று கேட்டார். "வண்ட்லு எக்கட்ரா?"

சேகர் தன் வண்டுகளைத்தான் கேட்கிறார் என்று நினைத்தான். "டப்பாவுல கீது சார்."

"லாரி டப்பாலோ உந்தா? எகதாளியா?"

கேலி செய்கிறான் என்று அறை விழுந்தது. டப்பா விழுந்து திறந்துகொண்டது. அதன்மேல் பூட்ஸ் கால். தகவல் தெரிந்து நான் போய்ச் சேர்ந்தபோது சிமெண்ட் தரையில் செம்பு நிறமாக ஏதோ மினுங்கியது. கொம்பு மட்டும் முழுதாக இருந்தது.

செம்மரக் கடத்தல் வழக்கு வருஷக்கணக்கில் இழுத்துத் தள்ளுபடியானது. அதற்குள் மலையேறும் அனுமதி போயிற்று, படிப்பும் போயிற்று. கைதுச் செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. தள்ளுபடியானதை நான் நாலு வரி எழுதி அனுப்பினேன், இடமில்லை என்றார்கள்.

இப்போது அவனுக்கு நாயுடுபேட்டையில் ஒரு தொழிற்சாலை வாசலில் வேலை. லாரிகளை உள்ளே விடுவது. நிறுத்தத்திலிருந்தே கூப்பிட்டேன்.

"சேகரு, இங்க வண்டே இல்லடா."

அந்தப் பக்கம் இரைச்சல் எதுவும் இல்லை. என் குரல் தெளிவாகத்தான் கேட்டிருக்கும்.

"எந்த வண்டிடா? நம்பர் சொல்லு, பாக்கறேன்."

நான் திருத்தவில்லை. சாணி காய்ந்துகொண்டிருந்தது.